இரட்சிப்பின் தேதி – கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

ஸ்தோத்திரம். நான் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவன். வயது 31. எர்ணாகுளத்தில் கணக்கு வேலை. தாத்தா உபதேசியாராக இருந்தவர். குழந்தையிலேயே ஞானஸ்நானம், 15 வயதில் திடப்படுத்தல், அப்புறம் பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம் என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலேயே வளர்ந்தேன். கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். தேனிப் பக்கம், பெந்தெகொஸ்தே குடும்பம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் என்னை. முதல் சந்திப்பிலேயே அவள் அப்பா, "தம்பி, எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டார். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளைக் கேட்கிறார். எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், "2011 மே மாசம், வாலிபர் முகாம்ல" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். "மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லிக்கும் மே மாசம்தான் தம்பி. 1738, மே 24, ராத்திரி எட்டே முக்கால்" என்றார். உண்மையில் அந்த முகாமைப் பற்றி எனக்கு நினைவிருப்பது வாலிபால் மட்டும்தான்.

இப்போது நிச்சயத்துக்கு முன்னால் அவர்கள் சபைக்கு வந்து சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், அதாவது இரட்சிக்கப்பட்ட அனுபவத்தை மேடையில் சொல்ல வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது. 1974-ல் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தலில் நீங்கள் கை உயர்த்தியதைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பொறாமையாக இருந்தது. உங்களுக்கு நடந்தது எனக்கு ஏன் நடக்கவில்லை? தேதி இல்லாதவன் இரட்சிக்கப்படாதவனா? அந்த மேடையில் ஏறி நான் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம், டீச்சர்.

*

அன்புள்ள தம்பி,

வாலிபாலைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நீங்கள் பொறாமைப்பட்ட என் கன்வென்ஷன் கதையிலும் உங்கள் வாலிபால் மாதிரி ஒன்று உண்டு. நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

1974 ஜனவரி. மூணாறு மலையில் ஜனவரி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்து டிவிஷன்களிலிருந்து லாரியில் ஆட்கள் வந்திருந்தார்கள். பிரசங்கியார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், குளிரில் அவருக்குக் குரலே எழும்பவில்லை. எனக்குப் பதினேழு வயது. அம்மாவின் கம்பளிக்குள் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில், ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். அவள் உயர்த்தினாள். இருந்தது ஒரே கம்பளி. அவள் கையோடு அதுவும் மேலே போனது. நான் மட்டும் குளிரில் தனியாகத் தெரிந்தேன். நானும் உயர்த்தினேன். பின்னால் ஒருவர் நோட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த எண்ணிக்கையில் நானும் ஒன்று.

அழுதேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அழுதது உண்மை. எல்லோரும் அழுதார்கள். ஆனால் அதை நான் சொல்லத் தொடங்கிய பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? முதல் தடவை சாட்சி சொன்னபோது லேசாக அழுதேன். ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது சொன்னதில் தேம்பித் தேம்பி அழுதேன். நாற்பது வயதில் ஒரு பெண்கள் கூடுகையில் சொன்னபோது, கதையில் பந்தலுக்கு வெளியே மழை வேறு கொட்டியது. ஜனவரி மாதம்! பக்கத்து வீட்டுப் பெண்ணும் அந்தக் கூடுகைக்கு வந்திருந்தாள், பாட்டியாகி. முடிந்ததும் என் காதில், "மழை எப்பம்டி பெஞ்சுது?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. சாட்சி என்பது சொல்லச் சொல்ல ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எங்கே "அல்லேலூயா" சொல்கிறார்களோ அந்த இடம் அடுத்த முறை கொஞ்சம் பெருக்கும். பவுலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சவுல் (அவருடைய பழைய பெயர்) தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி சுற்றிப் பிரகாசித்ததை அப்போஸ்தலர் நடபடிகள் மூன்று முறை சொல்கிறது: 9-ம் அதிகாரம், 22, 26. முதலாவதில் கூடப் போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், ஒருவரையும் காணவில்லை. இரண்டாவதில் ஒளியைக் கண்டார்கள், பேசினவருடைய சத்தத்தைக் கேட்கவில்லை. மூன்றாவதில், தமஸ்குவில் சவுலுக்குக் கண் தெரியச் செய்த சீஷன் அனனியாவையே காணோம். அவன் மூலம் வந்த கட்டளையெல்லாம் அந்த வழியிலேயே நேரடியாக வந்துவிடுகிறது. இதற்கு வேத பண்டிதர்கள் விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே ஆளுக்கு ஒரே நாள் நடந்ததுகூட யாரிடம், எந்த நெருக்கடியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்பதுதான். அதே பவுல் கலாத்தியருக்குத் தன் கைப்பட எழுதும்போது ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேவன் தம் குமாரனை எனக்குள் வெளிப்படுத்தினார், அரபிதேசத்துக்குப் போனேன், மூன்று வருஷம் சென்ற பின் எருசலேமுக்குப் போனேன், அவ்வளவுதான். அந்த மூன்று வருஷம் என்ன நடந்தது என்று யாரும் சாட்சி சொல்லக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். கன்வென்ஷனில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால், எப்போது நடந்தது?

எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தாள், அப்பாவைப் பெற்றவள். கல்யாணமான புதிதில் போடியிலிருந்து குரங்கணி வழியாகக் கங்காணியோடு மலையேறி வந்தவள். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளினாள். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். ஆனால் சுவிசேஷங்கள் நாலும் காதால் கேட்டே மனப்பாடம். அவளுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு பக்கம் வேதம் வாசித்துக்காட்ட வேண்டியது என் வேலை. ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லய வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு வாசிப்பேன். பக்கம் முடிந்தால் எனக்கு விடுதலை. அதனால் சீக்கிரம் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். நடுவில் இரண்டு மூன்று வசனங்களைத் தாவிவிடுவேன். ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். தெரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாற்கு 8. பெத்சாயிதாவில் ஒரு குருடனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்து, "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். அங்கே நிறுத்தி, வேதத்தை மூடி, விளக்குத் திரியை இறக்கக் கையை நீட்டிவிட்டேன்.

ஆச்சி ஆமென் சொல்லவில்லை.

"ஏட்டி, அவன எங்க வுட்டுட்டுப் போற?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவனுக்குக் கண்ணு இன்னும் தெளியலயே. அரைக் கண்ணோட ஊருக்குள்ள போயி என்ன செய்வான் அவன்?"

திட்டவில்லை. இத்தனை நாள் நான் தாவியதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. அவளுக்கு அந்த ஆளைப் பற்றித்தான் கவலை. வாசலுக்கு வெளியே ஒருத்தன் நிற்கிறான், அவனை நான் கதவைச் சாத்தி விட்டுவிட்டேன் என்பது போலிருந்தது அவள் முகம். நான் நிஜமாகவே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மழைக்காலம், மூடுபனி. பாக்டரியில் ஷிப்ட் முடிந்து நாலைந்து பேர் மேட்டு லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். தலையில் கம்பளியைக் கவிழ்த்திருந்ததால் முகம் தெரியவில்லை. மரங்கள் நடந்துபோவது மாதிரித்தான் இருந்தது.

திரும்ப வேதத்தைத் திறந்து மீதியை வாசித்தேன். இரண்டாவது முறையும் அவர் கைகளை அவன் கண்மேல் வைக்கிறார். அப்போது அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வாசிக்கும்போது எனக்குக் குரல் அடைத்தது. அன்றுவரை வேதம் எனக்கு ஓய்வுநாள் பள்ளிப் பாடம். வசனம் ஒப்பித்தால் பரிசு கிடைக்கும். அன்றைக்குத்தான் அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கை என்கிற ஒன்று இருக்கிறது என்றும் தெரிந்தது. இதற்கு மேல் எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக முயன்றுவிட்டேன்.

அது கன்வென்ஷனுக்கு முன்பா பின்பா? தெரியாது, தம்பி. 73 மழையாக இருக்கலாம், 74 மழையாகவும் இருக்கலாம். என்ன கிழமை என்றுகூடத் தெரியாது. இந்தக் கதையை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஆச்சியை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியல்லவா தொடங்க வேண்டும்! கை உயர்த்திய கதைதான் எல்லோருக்கும் பிடிக்கும். தேதியும் இருக்கிறது.

பெண்ணின் அப்பா வெஸ்லியைச் சொன்னாரே, அவர் சொன்ன தேதி சரி. 1738 மே 24 இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதாக வெஸ்லி எழுதிவைத்திருக்கிறார். அதே மனிதர் 1739 ஜனவரி 4-ம் தேதி தன் நாட்குறிப்பில், நான் கிறிஸ்தவனே இல்லை என்று எழுதியிருக்கிறார். ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மே 24-ஐ வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். ஜனவரி 4-ஐ யாரும் கொண்டாடுவதில்லை. மாமனாரிடம் இதைச் சொல்லி மடக்க வேண்டாம். உங்களுக்காகச் சொன்னேன்.

எனக்கு வெஸ்லியைவிடப் பண்டித ரமாபாய் நெருக்கமானவர். காடும் மலையுமாக அலைந்த பெற்றோரிடம் சமஸ்கிருதம் கற்று, ஆயிரக்கணக்கான சுலோகங்களை நாவில் வைத்திருந்த மராட்டியப் பெண். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் பின்னாளில் தன் சாட்சியை எழுதும்போது, அதற்குப் பிறகு எட்டு வருஷம் போலத் தன்னிடம் கிறிஸ்தவ மதம் இருந்தது, கிறிஸ்து இல்லை என்ற பொருளில் எழுதினார். அந்த எட்டு வருஷத்தில்தான் அமெரிக்காவெல்லாம் சுற்றிப் பணம் திரட்டி, இந்தியாவுக்கு வந்து, விதவைப் பெண்களுக்கு வீடும் பள்ளியும் தொடங்கியிருந்தார்! ஊரே கிறிஸ்தவர் என்று ஏசியது. அவருக்கு மட்டும் உள்ளே தெரிந்திருந்தது, இன்னும் மரமாகத்தான் தெரிகிறது என்று. அதை அவர் மறைக்கவில்லை.

தேதியோடு விழித்தவர்கள் எல்லோரும் விழித்தபடியே இருந்தார்கள் என்றும் இல்லை. அன்னை தெரேசா டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைக் கேட்ட நாள் 1946 செப்டம்பர் 10. அவருடைய சபையில் அதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது, அந்த அழைப்பை ஏற்று வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் உள்ளே இருட்டில்தான் இருந்தார் என்று. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆட்கள் சிலர், பார்த்தீர்களா, இரட்சிப்பின் நிச்சயம் இல்லை என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஜெபிக்க வராமல் ஒரு வருஷத்தைத் தள்ளிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

நான் ஆறேழு வருஷம் தள்ளியிருக்கிறேன். 1986 ஜூன் மழையில் என் தம்பி போன ஜீப் சாலையை விட்டு உருண்டது. ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆட்களைத் திணித்துக்கொண்டு போகிற ஜீப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு 24 வயது. அடக்கத்தின்போது ஐயர் நன்றாகத்தான் ஜெபித்தார். (பல டிவிஷன்களில் இப்போது பாஸ்டர், அச்சன் என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் லயத்தில் திருநெல்வேலி வழக்கப்படி இன்றைக்கும் ஐயர்தான்.) அதற்கப்புறம் எனக்கு வாய் திறக்கவில்லை. கோயிலை விடவில்லை, பெண்கள் ஐக்கியத்துக்குக் கணக்கு எழுதினேன், பிறந்தநாள் காணிக்கை வசூலித்தேன், திருவிருந்தில் முழங்கால்படியிட்டுக் கை நீட்டினேன். கையில் அப்பம் விழும். அவ்வளவுதான். நான் ஒரு நல்ல கிறிஸ்தவப் பெண்மணி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அதிலிருந்து வெளியே வந்த கதையைக் கேட்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். ஒரு சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கரண்ட் பில் ஏகத்துக்கு வந்திருந்தது. முணுமுணுவென்று புலம்பிக்கொண்டே நறுக்கினேன். திடீரென்று உறைத்தது: வீட்டில் யாருமே இல்லை. அப்புறம் யாரிடம் இவ்வளவு நேரமாகக் கரண்ட் பில்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்? யாரிடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு தம்பியைப் பற்றியும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் பேச்சு திரும்ப வந்துவிட்டது. எந்த வருஷம் என்றால் 92 அல்லது 93. பில்லை எடுத்து வைத்திருந்தால் தேதி சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை இடிந்து இறங்கி லயங்களை மூடியது. 70 உயிர்கள். என்னிடம் படித்தவர்களின் சொந்தக்காரர்களும் அதில் உண்டு. கொரோனா காலம், கூடி அழக்கூட முடியவில்லை. போனிலேயே ஒரு ஜெபக் கூடுகை வைத்தார்கள். டீச்சர் நீங்க அனுபவசாலி, ஆறுதலா ரெண்டு வார்த்தை சாட்சியாச் சொல்லுங்க என்றார்கள். கன்வென்ஷன் கதை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொல்ல முடியவில்லை. "எனக்கு இப்ப எல்லாம் மரமாத்தான் தெரியுது. நீங்க ஜெபிங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு ஒரு கிழவர், யாரென்று தெரியவில்லை, "எனக்கும்தாம்மா" என்றார். நான் சொன்ன சாட்சிகளில் அது ஒன்றுதான் நான் திருத்தாதது.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். பெத்சாயிதாக் குருடன் கதை மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் இல்லை. ஏன் விட்டார்கள் என்று தெரியாது. முதல் தரம் கை வைத்தும் முழுசாகக் குணமாகவில்லை என்று எழுதச் சங்கடமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் நான் அந்தக் கதையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவன் சொன்ன பதிலை. எதிரில் நிற்பவர் பெரிய தீர்க்கதரிசி. தெரிகிறதா என்று கேட்கிறார். நம் ஊர் ஆளாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "நல்லாத் தெரியுது சாமி, ரொம்ப நன்றி." மரியாதைக்காகவாவது சொல்லியிருப்போம். ஊருக்குள் போய் ஆயுள் முழுக்க மரங்களோடு மோதிக்கொண்டிருந்திருப்போம். அவன் அப்படிச் சொல்லவில்லை. தெரிகிறது, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்றான். அதனால்தான் அந்தக் கை இரண்டாவது முறை வந்தது.

நீங்கள் "2011 மே" என்று சொன்னது அந்த மரியாதைக்காரப் பதில்தான், தம்பி. தேதி இல்லாதது உங்கள் குறையில்லை. தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் சிக்கல்.

தேதி இல்லாதவன் இரட்சிக்கப்படாதவனா என்று கேட்டிருக்கிறீர்கள். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிற இரண்டாம் நிருபத்தை எடுத்து முதல் அதிகாரம் பாருங்கள். உன்னிலிருக்கிற விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் உன் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்கிறார். தமஸ்கு வழியில் குப்புற விழுந்த ஆள் இதை எழுதுகிறார்! நீ எங்கே விழுந்தாய் என்று அவர் தீமோத்தேயுவிடம் கேட்கவில்லை. பாட்டி வழியாக வந்ததும் அவருக்குச் செல்லுபடியாகிறது. எனக்கு ஆச்சி மாதிரி, உங்களுக்கு உபதேசியார் தாத்தா. மேடையில் பேச வேண்டும் என்றால் 2011-லிருந்து தொடங்காதீர்கள், அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் செருப்பு, குடை, ஜெபிக்கும்போது அவர் இருமுவது, என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பாதியில் என்றால் பாதியில்.

அதே சமயம், பெண்ணின் அப்பா கேட்டது தவறான கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். நம் சி.எஸ்.ஐ. ஆட்களுக்கு அவர்களைக் கேலி செய்வது ஒரு பொழுதுபோக்கு. கைதட்டுகிறார்கள், அந்நிய பாஷை, நகை போடமாட்டார்கள் என்று. எங்கள் லயத்தில் சம்பள நாளில் பெண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் குடியிலிருந்து மீட்டது அவர்களுடைய முழு இரவு ஜெபம்தான். நாங்கள் அவர்களுக்குச் சபை நீக்கம் மட்டும்தான் கொடுத்திருந்தோம். அறுபது வருஷத்துக்கு மேலாக நான் சபையில் இருக்கிறேன். உனக்கும் ஆண்டவருக்கும் எப்படிப் போகிறது என்று ஒருவர் என்னைக் கேட்டதில்லை. சந்தா பாக்கியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் உங்களிடம் கேட்டிருக்கிறார். கேட்ட விதம் ரேஷன் கார்டு நம்பர் கேட்பது போல இருக்கலாம், ஆனால் கேட்டிருக்கிறார். அதற்கு உண்மையான பதில் பெறுகிற உரிமை அவருக்கு உண்டு.

ஆனால் முதலில் அவரிடம் போகாதீர்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம். வாலிபால் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவள் சிரித்தால் உங்களுக்கு யோகம். அழுதாலும் பரவாயில்லை. அவளே கூட ஒரு தேதியை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருக்கலாம். அந்த வீடுகளில் பிள்ளைகள் எட்டு வயதில் தேதி சொல்லப் பழகியிருப்பார்கள். அப்புறம் இரண்டு பேருமாக அப்பாவிடம் போங்கள். கல்யாணம் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நின்றும் போகலாம். நின்றுபோனால் உங்கள் அம்மா என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

பேதுருவைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குருடன் கதைக்கு அடுத்த பகுதியிலேயே பேதுரு, நீர் கிறிஸ்து என்று பட்டென்று சொல்கிறான். சபையே எழுந்து நின்று அல்லேலூயா சொல்ல வேண்டிய இடம். நாலு வசனம் தள்ளி, எனக்குப் பின்னாகப் போ சாத்தானே என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அவனுக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. மாற்கு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது வயது ஆயிற்று; சொல்வதற்கு அப்போது ஆச்சி இல்லை. அவளுக்குக் கடைசிப் பத்து வருஷம் இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் யார் வந்தாலும், "யாரு, மரமா மனுசனா?" என்றுதான் கேட்பாள். நாங்கள் அதை அவளுடைய குசும்பு என்று நினைத்தோம்.

சாட்சி சொன்ன பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். இந்தப் பக்கம் வந்தால் தேவிகுளத்தில் இறங்கி டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அடுத்த மாதம் மட்டும் இருக்கமாட்டேன். எனக்கும் புரை. இடது கண் ஆகிவிட்டது, வலது கண்ணுக்கு மதுரைக்குப் போகிறேன். உங்கள் கடிதத்தைப் பேரன்தான் வாசித்துக்காட்டினான். நடுவில் எதையோ தாவினான் என்று சந்தேகம். அடுத்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்புங்கள், நானே படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்